புது ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் எதை மாற்றுவது?

சிங்கப்பூரில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் சித்தி மகன், வந்த கையோடு ஒரு மினி கூப்பர் எஸ் வாங்கினான். செகண்ட் ஹேண்ட் வண்டிதான். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 192 குதிரைத்திறன். சின்ன வயதிலிருந்து அவன் ஆசைப்பட்ட கார். கும்பகோணத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு ராத்திரியே எனக்குப் போன் செய்தான். "அண்ணே, முதல்ல ரீமேப் பண்ணலாமா, சைலன்சர் மாத்தலாமா?"

ரீமேப் என்றால் இன்ஜினின் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்றேன். அவனுக்கு முகம் சுருங்கியிருக்கும், போனில் தெரியவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவனுக்கு ஒரு மாதமாகத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேகமான காரை முதன்முதலாக வாங்கும் எவருக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். இரண்டு கதவு, மடக்குக் கூரை வண்டி என்றில்லை. போலோ ஜிடி, விர்டஸ் ஜிடி, ஐ20 என் லைன், ஆக்டேவியா ஆர்எஸ் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு கார் செய்யும் வேலை மூன்று. வேகம் எடுக்கும், நிற்கும், திரும்பும். இந்த மூன்றும் நடப்பது நான்கு டயர்கள் தரையைத் தொடும் இடத்தில். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய நம் உள்ளங்கை அகலம்தான். இன்ஜினில் 192 குதிரைத்திறன் இருந்தாலும் 300 இருந்தாலும், அது சாலைக்கு இறங்குவது அந்த உள்ளங்கை அளவு ரப்பர் வழியாகத்தான். இன்ஜினை மாற்றினால் மூன்று வேலையில் ஒன்று மட்டும் மேம்படும். டயரை மாற்றினால் மூன்றும் மேம்படும். நான் டயரிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான்.

டயர் ஒரு காரின் குணத்தையே தீர்மானிக்கும் என்பதற்கு டொயோட்டா ஜிடி86 நல்ல எடுத்துக்காட்டு. 2012-ல் வந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. சிக்கனத்துக்குப் பெயர் போன பிரியஸ் காருக்கும் போடப்படும் ரக டயரை அதற்குப் போட்டுத்தான் டொயோட்டா விற்றது. காசு மிச்சம் பிடிக்க அல்ல. பிடிமானம் அளவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல வழுக்கும். அது ஓட்டுபவருக்குச் சந்தோஷம் என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு. அதே காருக்கு வேறு டயர் போட்டவர்கள் அது வேறு கார் மாதிரி ஆகிவிட்டது என்றார்கள்.

தம்பியின் வண்டியில் முதலில் பார்த்தது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிகம் ஓடியிருக்காது, அதனால் டயரில் பட்டை, அதாவது தரையில் தேயும் ரப்பர், நிறைய இருக்கும், பார்க்கப் புதுசு போலத் தெரியும். ஆனால் ரப்பர் வெயிலிலும் காலத்திலும் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் புது டயர் கொஞ்சம் அமுங்கும், பழையது அமுங்காது. இது துல்லியமான சோதனை இல்லை, ஆனாலும் ஒரு யோசனை கிடைக்கும். தம்பியின் வண்டியில் முன் இரண்டும் ஒரு கம்பெனி, பின் இரண்டும் வேறு கம்பெனி. நான்கும் ஆறு வருஷம் தாண்டியவை. எந்த மாடிஃபிகேஷனும் இதற்குப் பிறகுதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

மினி வாங்கியவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் கம்பெனியே போட்டுவருவது பெரும்பாலும் ரன்ஃபிளாட் டயர். காற்று இறங்கினாலும் பக்கச் சுவர் வண்டியைத் தாங்கும். பொதுவாக 80 கி.மீ. தூரம் வரை, 80 கி.மீ. வேகத்துக்குள் மெதுவாக ஓட்டிப்போகலாம். அதனால் ஸ்டெப்னியே தருவதில்லை. தாங்குவதற்காகப் பக்கச் சுவரைத் தடிப்பாகச் செய்திருப்பார்கள், எனவே டயர் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும், ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் தெரியும். சாதாரண டயருக்கு மாறினால் சொகுசும் பிடிமானமும் கூடும். பஞ்சர் ஆனால் மாட்டிக்கொள்வோம். ராத்திரி பத்து மணிக்குத் திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் போகும் வழியில் பஞ்சர் என்றால் யாரைக் கூப்பிடுவது? நாங்கள் சாதாரண டயர் போட்டுவிட்டு, பஞ்சர் ஒட்டும் கிட், சின்ன காற்றடிக்கும் பம்ப் இரண்டையும் டிக்கியில் நிரந்தரமாக வைத்துவிட்டோம்.

அளவை மாற்றவில்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். டயரோடு ரிம்மையும் பெரிதாக்கிவிடுவார்கள். டயரில் 205/55 ஆர்16 என்று எழுதியிருந்தால் அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மில்லிமீட்டர், ரிம் 16 இன்ச். அதையே 225/40 ஆர்18 ஆக்கினால் பக்கச் சுவர் 90 மில்லிமீட்டராகிறது. சாலைக்கும் உலோக ரிம்முக்கும் நடுவே இருக்கும் மெத்தை இரண்டு செ.மீ.க்கு மேல் குறைந்துவிட்டது. திருவையாற்றிலிருந்து கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் போகும் காவிரிக்கரைச் சாலையை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலுக்கு ஒரு மதகு, ஒவ்வொரு மதகிலும் சாலை ஏறி இறங்கும், ஏறும் இடத்தில் ஒரு விளிம்பு. மெல்லிய டயரும் பெரிய ரிம்மும் அந்த விளிம்பில் ஒருநாள் மோதியே தீரும். ரிம் வளையும், இல்லாவிட்டால் டயரின் பக்கச் சுவர் புடைக்கும். போதாததற்குப் பெரிய ரிம் பெரும்பாலும் கனம் கூடியது. சக்கரத்தில் ஏறும் எடையை ஸ்பிரிங் தாங்காது, சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் குதிக்கும். அதைச் சுற்றவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். இருக்கையில் ஏற்றிய ஐந்து கிலோவைவிட சக்கரத்தில் ஏறிய ஐந்து கிலோ கெடுதல் அதிகம் செய்யும்.

அகலமான டயர் எப்போதும் நல்லது என்பதும் முழு உண்மை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை பிடித்தால் நீர் ஓட வழியில்லாமல் சமதளச் சாலையில் தேங்கி நிற்கும். டயரின் பள்ளங்கள் அந்தத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகம் வரும்போது டயர் தண்ணீரின் மேல் மிதந்துவிடும், ஸ்டியரிங் கையில் இலேசாகிவிடும். அகலமான டயரும் தேய்ந்த டயரும் சீக்கிரம் மிதக்கும். பட்டையின் பள்ளத்துக்குள் சின்ன மேடாக இருக்கும் அடையாளத்தைத் தேடிப் பாருங்கள், 1.6 மில்லிமீட்டரில் இருக்கும். பட்டை அந்த மேட்டைத் தொட்டால் டயர் முடிந்தது. வேகமாக ஓட்டும் ஆசை உள்ளவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது.

காற்றழுத்தம் இலவச மாடிஃபிகேஷன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அதை வையுங்கள். வீல் அலைன்மென்ட்டையும், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தையும், புது டயர் போட்ட அன்றே பார்த்துவிட வேண்டும். தம்பியின் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. சஸ்பென்ஷன் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அலைன்மென்ட் செய்ததும் சரியாகிவிட்டது.

அடுத்தது பிரேக். இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் குறைவாகப் பிடிக்கும் வேலை இது, ஆனாலும் யாரும் முதலில் நினைப்பதில்லை.

ஓட்டுநரோடு சேர்த்து 1300 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 5 லட்சம் ஜூல். வண்டியை நிறுத்துவது என்றால் அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றுவது. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் அது. அடுப்பில் சில நிமிடங்கள் ஆகும் வேலையைப் பிரேக் மூன்று, நான்கு வினாடியில் செய்கிறது. வேகம் கூடக் கூட இந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ஆற்றலோ ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. இதனால்தான் இன்ஜினைத் தொடுமுன் பிரேக்கைப் பார்க்கச் சொல்கிறேன்.

மிதியை அழுத்தும் நம் காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். இது ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4, டாட் 5.1 என்பவை அதன் தர வகைகள். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தாலே தரத்துக்குப் போதும். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. கடலோரமாக நாகப்பட்டினம், தரங்கம்பாடி பக்கம் இன்னும் அதிகம். அடுத்தடுத்துப் பலமாகப் பிரேக் பிடித்தால் ஈரம் ஏறிய ஆயில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்தலாம், சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். மிதி மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் இந்தப் பயம் இல்லை. டாட் 5.1 போட்டால் கொதிநிலை இன்னும் மேலே, புதிதில் 260 டிகிரி. டாட் 4 இருக்கும் வண்டியில் போடலாம். வெறும் டாட் 5 என்பது சிலிகான் வகை, முற்றிலும் வேறு. எண் பக்கத்தில் இருக்கிறது என்று கடையில் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடில் ரேஸ் ரகம் வாங்கிவிட வேண்டாம். அது சூடான பிறகுதான் பிடிக்கும். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி மகாமகக் குளத்து முனையில் திடீரென்று ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால், அந்தப் பேட் இன்னும் குளிர்ந்துதான் இருக்கும். தெருவுக்கென்று செய்த, கொஞ்சம் உயர்ந்த தரப் பேட் போதும். பேடை அழுத்தும் காலிப்பரைப் பெரிதாக்குவது, துளையிட்ட டிஸ்க் எல்லாம் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு.

சரி, இப்போது எல்லோரும் கேட்கும் இன்ஜினுக்கு வருவோம்.

இன்ஜின் காற்றையும் பெட்ரோலையும் எரித்து வேலை செய்கிறது. காற்று அதிகம் உள்ளே போனால் பெட்ரோலும் அதிகம் எரியலாம், சக்தி கூடும். ஏர் ஃபில்டர், சைலன்சர், ரீமேப் எல்லாமே இந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். டர்போ இல்லாத இன்ஜினில் காற்று தன்னால் உறிஞ்சப்படும் அளவுதான் போகும், எனவே ஃபில்டரும் சைலன்சரும் மாற்றினால் கிடைப்பது ஒன்றிரண்டு குதிரைத்திறன், சத்தம் மட்டும் நிறைய. டர்போ இன்ஜினில் காற்றை அழுத்தித் திணிக்கிறார்கள். அந்த அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. அந்தக் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவதுதான் ரீமேப். டர்போ காரில் ரீமேப் நிஜமாகவே வித்தியாசம் தரும், அதை மறைக்க வேண்டியதில்லை.

நான் முன்பு வைத்திருந்த போலோ ஜிடி டிஎஸ்ஐயில் முதலில் செய்த வேலை, கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போட்டது. உறிஞ்சும் சத்தம் கேட்க அருமையாக இருந்தது. வந்த சித்திரையில் தஞ்சாவூர் வெயிலில் வண்டி சோம்பிப்போனது. காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். கம்பெனி கொடுத்த பெட்டி முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை இழுத்தது. என் கூம்பு போனட்டுக்குள் இன்ஜின் சூட்டில் வெந்த காற்றை இழுத்தது. அதோடு அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் பறக்கும் நெல் தூசியை யோசியுங்கள். அந்தப் பழைய காகித ஃபில்டர் அதைப் பிடிக்கும் அளவுக்கு எண்ணெய் தடவிய துணி ஃபில்டர்கள் பிடிப்பதில்லை. எண்ணெய் அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரிலும் படியும். பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தேன், திரும்பப் போட்டுவிட்டேன். கழற்றும் எந்தக் கம்பெனிப் பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போதும் கேட்பார்கள்.

ரீமேப்புக்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். முதலாவது பெட்ரோல். அழுத்தமும் சூடும் கூடினால் தீப்பொறி மூட்டிய தீ வந்து சேருமுன்பே மிச்சப் பெட்ரோல் தானாக வெடிக்கப் பார்க்கும், இதுதான் நாக்கிங். ஆக்டேன் எண் அதிகமுள்ள பெட்ரோல் இதைத் தாங்கும். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95 பல ஊரில் உண்டு, எக்ஸ்பி100 எல்லாப் பங்க்கிலும் இல்லை. 100 ஆக்டேனுக்கென்று எழுதிய ரீமேப்பைப் போட்டுக்கொண்டு முத்துப்பேட்டையில் எந்தப் பெட்ரோல் கிடைக்கிறதோ அதை நிரப்பினால், கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகச் சக்தியைக் குறைத்துவிடும். குறைக்கத் தவறினால் பிஸ்டன் போகும். நீங்கள் தினமும் நிரப்பும் பெட்ரோலுக்கு எழுதிய ரீமேப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது கியர்பாக்ஸ். இதை ரீமேப் விற்பவர்கள் சொல்வதே இல்லை. ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ200 என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு, அதாவது சுழற்றும் விசைக்கு, என்று வடிவமைக்கப்பட்டது. விர்டஸ் ஜிடியின் 1.5 லிட்டர் இன்ஜின் தருவதும் சரியாக 250. கம்பெனியே விளிம்பு வரை வந்துவிட்டது. அதன் மேல் ரீமேப் செய்து 300 ஆக்கினால் உலர் கிளட்ச்சுகள்தான் சுமக்க வேண்டும். ஒரு காரில் எந்தப் பாகம் முதலில் கையை விரிக்கும் என்று தெரிந்த பிறகே அதன் டார்க்கைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சத்தம் போடும் சைலன்சர் காவலர் காதில் தானாகவே விழும். அதே அளவு டயர், பிரேக் பேட், ஆயில் இவற்றுக்கு எந்தப் பிரச்சினையும் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் இன்ஜினை மாற்றியிருந்தால் விபத்தின்போது கிளைம் மறுக்கப்படலாம், வாரண்ட்டி இருக்கும் வண்டியில் அதுவும் போகும்.

வண்டியைத் தாழ்த்துவது பற்றியும் தம்பி கேட்டான். படத்தில் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் சக்கரம் மேலும் கீழும் போக இடம் குறையும். மேடு ஏறியதும் சஸ்பென்ஷன் கடைசி ரப்பரில் முட்டும், அந்தக் கணம் டயர் சாலையை விட்டுவிடும். நம் மதகுகளில் தாழ்ந்த கார் உண்மையில் மெதுவான கார். அறுவடை நேரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாலையிலேயே நெல் காயும், உளுந்துச் செடியையும் வைக்கோலையும் பரப்பியிருப்பார்கள். தாழ்ந்த வண்டியின் அடியில் வைக்கோல் அள்ளிக்கொள்ளும். அங்கே பல நூறு டிகிரி சூட்டில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. தீப்பிடிக்க அது போதும். எந்த உயரத்து வண்டியானாலும் வைக்கோல் மேல் ஓட்டினால் இறங்கிக் குனிந்து பார்த்துவிடுங்கள். உளுந்து மணி பரவிய வளைவில் எவ்வளவு விலை உயர்ந்த டயரும் கோலிக்குண்டு மேல் நிற்பது போலத்தான்.

பழைய வண்டியில் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தால் கம்பெனி உயரத்திலேயே நல்ல ஷாக்ஸ் மாற்றுங்கள். அது தாழ்த்துவதைவிடப் பல மடங்கு பயன்.

இத்தனையும் செய்து மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு நாள் டிராக் பயிற்சிக்குப் போகச் சொன்னேன். கோவை செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சுமார் 2.1 கி.மீ. சுற்று. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. சுற்று. எதிரே மாட்டு வண்டி வராத, நெல் காயாத இடத்தில் வண்டியின் எல்லையைத் தொட்டுப் பார்த்தால்தான் அடுத்து எது குறைகிறது என்று நமக்கே தெரியும். வளைவில் மூக்கு வெளியே போகிறதா, மிதி மெத்தென்று ஆகிறதா, நேர்ச்சாலையில்தான் போதவில்லையா?

தம்பி போய்விட்டு வந்தான். காலையில் கிளம்பிப் பயிற்சியாளரோடு ஓட்டியவன் ராத்திரி மறுபடி போன் செய்தான். "அண்ணே, நேரா போறதுல குறை ஒண்ணும் இல்ல. நாலாவது சுற்றுல பிரேக் மிதி மெத்துனு ஆயிடுச்சு. நீங்க சொன்ன அந்த ஆயில் எங்க கிடைக்கும்?" பேடை மாற்றியவன் ஆயிலைத் தள்ளிப்போட்டிருந்தான். மறுநாள் தஞ்சாவூரில் ஒரு கடையில் டாட் 5.1 ஒரு லிட்டர் வாங்கினோம். பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்தபோது அது கடுங்காப்பி நிறத்தில் வந்தது.